டயர் ஊற்றக் கற்றுத்தந்த அண்ணனுக்கு

பெயர் கேட்க மறந்துவிட்டேன், மன்னியுங்கள் அண்ணா. மண் அள்ளும் வண்டியான வீல் லோடரை 14-ல் ஒரு பங்கு அளவில் ரிமோட் மாடலாகச் செய்து, அதற்குப் பொம்மைக் கார் டயரை மாட்டியிருந்தேன், பார்க்கச் சகிக்கவில்லை. நிஜ வண்டியின் 23.5-25 அளவு டயர் ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரம். எனக்கு 115 மில்லிமீட்டர் வேண்டும். கடையில் ஏது? 3டி பிரிண்டரில் அச்சடித்த டயரைச் சுற்றி சிலிக்கோன் ஊற்றி அச்செடுத்து, அதில் பாலியூரித்தேன் ரப்பரை வார்க்க நீங்கள்தான் காட்டினீர்கள். என் முதல் டயர் முழுக்கக் காற்றுக் குமிழி. "நூல் மாதிரி மெல்லிசா, ஒரே மூலையில ஊத்து தம்பி" என்றீர்கள். அடுத்ததில் டயர் மேலுள்ள ஒவ்வொரு கட்டையும் கூர்மையாக வந்தது. உள்ளே ஸ்பாஞ்சு வைத்ததும் பாரத்துக்குக் கொஞ்சம் பிதுங்கி நிற்கிறது, நிஜம் போலவே. மண் அள்ளும் வீடியோவைக் காட்ட இரண்டு முறை பட்டறைக்கு வந்தேன், பூட்டியிருந்தது. அடுத்த முறை டீ என் கணக்கு. ரொம்ப நன்றி அண்ணா.