அப்புவின் தயங்கிய நடை

ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரே படத்தோடு நின்றுபோன குழந்தை நடிகர்கள் பற்றிய கட்டுரையில், சத்யஜித் ராய் இயக்கிய வங்காளப் படமான 'பதேர் பாஞ்சாலி'யில் அப்பு என்ற சிறுவனாக வந்த சுபீர் பானர்ஜி இயல்பாக நடித்ததாகவும் பிறகு சோபிக்கவில்லை என்றும் ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். இரண்டையும் ஏற்க முடியவில்லை.

விளம்பரம் கொடுத்தும் பொருத்தமான பையன் கிடைக்காமல், பக்கத்து வீட்டு மாடியில் விளையாடிய சுபீரைக் கண்டுபிடித்தவர் சத்யஜித் ராயின் மனைவி பிஜோயா. முதல் படப்பிடிப்பு 1952 அக்டோபர் 27, மேற்கு வங்காளத்தின் சக்திகர் அருகே நாணல் பூத்த வெளியில். அக்காவைத் தேடும் தம்பி கொஞ்சம் நடந்து, நின்று, அங்குமிங்கும் பார்த்து, மறுபடி நடக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தபோது பையன் விறைப்பாக நடந்தான். முகபாவம் சொல்லித் தருவதை விட்டுவிட்டு, ராய் அவன் வழியில் சிறு குச்சிகளைப் போட்டார். அவற்றைத் தாண்டும்போது நடை தானாகத் தயங்கியது. நாணலுக்குள் உதவியாளர்களை ஒளித்துவைத்து, முன்பே பேசிவைத்த நேரத்தில் வெவ்வேறு பக்கத்திலிருந்து அவனைக் கூப்பிட வைத்தார். அவன் குரல் வந்த பக்கம் திரும்பினான். திரையில் அது அக்காவைத் தேடும் பார்வை ஆயிற்று. வசனம் இல்லாத காட்சி என்பதால் இது எடுபட்டது. பையனைத் திட்டவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. அழுகைக் காட்சிக்குக் குழந்தையைக் கிள்ளிவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மறுவாரம் போனால் நாணல் பூவை மாடுகள் மேய்ந்திருந்தன. மீதிக் காட்சிக்கு அடுத்த பருவம்வரை காத்திருந்தார்கள். பணத் தட்டுப்பாட்டால் வேலை விட்டு விட்டு நடந்து, படம் 1955 ஆகஸ்டில்தான் வெளியானது. பால்பல் விழுகிற, மாதத்துக்கு மாதம் உயரம் கூடுகிற வயதில் இது பெரிய ஆபத்து. ஒரே காட்சியின் இரண்டு ஷாட்டுகளில் இரண்டு பையன்கள் போலத் தெரிந்துவிடும். அப்புவின் குரல் உடையாமல் இருந்ததை ராயே அதிசயமாகச் சொன்னார்.

அடுத்த படமான 'அபராஜிதோ'வில் (1956) அப்பு வளர்ந்தான். பினாகி சென்குப்தா, ஸ்மரண் கோஷால் என்று இருவர் நடித்தார்கள். 1959இல் வந்த மூன்றாவது படத்தில் அதே அப்புவாக சௌமித்ர சாட்டர்ஜி நடித்தார். கதை கேட்ட மாற்றத்தைச் சிறுவனின் தோல்வியாக எழுதுவது அநியாயம்.

தொடரின் அடுத்த பகுதியில் அந்த நாணல் காட்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவன் கால் எங்கே தயங்குகிறது, தலை எப்போது திரும்புகிறது என்று வாசகர்கள் பார்க்கட்டும்.

– ஒரு வாசகர், கும்பகோணம்