ஞாயிறு சந்திப்பு: பொம்மை பிக்கப் வண்டிகள் மட்டும்

நண்பர்களே, வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு மண்டபம் ஊரில், போன தடவை கூடிய அதே வீட்டு மாடியில் சந்திக்கிறோம். 1:64 அளவு (நிஜ வண்டியின் நீளத்தில் 64இல் ஒரு பங்கு) பொம்மை வண்டிகளாகக் கொண்டு வாருங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுதான் தோது.

அப்புறம், உப்புக்காற்று. போன வாரம் என் ஷெவர்லே பிக்கப்பைத் திருப்பிப் பார்த்தேன். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. அடியில் அச்சுக் கம்பி செம்பழுப்பாகத் துருவேறி, பின்சக்கரம் ஒன்று சுற்றவே இல்லை. மனசு கேட்கவில்லை. வண்டியின் உடம்பு துத்தநாகக் கலவை, அதில் செந்துரு பிடிக்காது, வெள்ளையாகத்தான் பூக்கும். அச்சு எஃகு என்பதால் உப்பு அதை முதலில் தின்றுவிடுகிறது. பாம்பனில் மீன் ஏற்றும் வண்டிகளின் அடித்தகட்டைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தயவுசெய்து ஜன்னலோரம் அடுக்காதீர்கள். மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

1968இல் பொம்மைக் கார் பிராண்டான ஹாட் வீல்ஸ் முதன்முதலில் விட்ட 16 வண்டிகளில் கஸ்டம் ஃப்ளீட்சைடு என்ற பிக்கப்பும் உண்டு. அதன் மறுவெளியீடு யாரிடமாவது இருந்தால் அவசியம் எடுத்து வாருங்கள், கையில் வைத்துப் பார்க்க ரொம்ப ஆசை.

தொண்டி, கீழக்கரையிலிருந்து வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.