போர்டு பிரிண்டுக்குப் போகும் முன்

குன்னூர்

அன்புள்ள பிரபுவுக்கு,

ஹோம்ஸ்டே போர்டு, கட்டண அட்டை, சுற்றிப் பார்க்கும் இடங்களின் பட்டியல் மூன்றையும் வரி வரியாகப் படித்தேன். வடிவம் அழகாக இருக்கிறது. திருத்த வேண்டியது அப்பாஸ்டிரபி, அதாவது ஆங்கிலச் சொல்லில் எழுத்துக்கு மேலே போடும் சின்னக் குறி (’) மட்டும்தான். வேண்டாத இடத்தில் போட்டிருக்கிறாய், வேண்டிய இடத்தில் விட்டிருக்கிறாய். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். குறி எங்கே விழுகிறது என்று மட்டும் பார்.

முதலில் பன்மை. “ரூம்’ஸ் அவெய்லபிள்” என்று பெரிதாகப் போட்டிருக்கிறாய். அறைகள் என்பது வெறும் பன்மை, அங்கே குறிக்கு வேலையே இல்லை. “ரூம்ஸ்” போதும். வர்க்கி’ஸ், மோமோ’ஸ், டிவி’ஸ் என்று எழுதியதிலும் இதே பிழைதான். உயிரொலியில் முடியும் சொல்லையும் சுருக்கெழுத்தையும் கண்டால் எஸ்ஸை நேரே ஒட்ட மனம் வராது, கை தானாகக் குறி போட்டுவிடும். டிவிஸ், 1990ஸ் எல்லாம் குறி இல்லாமலே சரி.

சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பார். “கள்” மட்டும் வந்தால் குறி வேண்டாம். “உடைய” வந்தால் எஸ்ஸுக்கு முன்னால் போடு. “களுடைய” வந்தால் எஸ்ஸுக்குப் பின்னால். விருந்தினர்கள் என்றால் கெஸ்ட்ஸ். ஒரு விருந்தினருடைய என்றால் கெஸ்ட்’ஸ். விருந்தினர்களுடைய என்றால் கெஸ்ட்ஸ்’. வண்டி நிறுத்துமிடம் எல்லாருக்கும் பொது என்பதால் “கெஸ்ட்ஸ்’ பார்க்கிங்”. சில்ட்ரன், மென், விமென் மூன்றும் எஸ் இல்லாமலே பன்மையானவை. அவற்றுக்கு எஸ்ஸுக்கு முன்னால்தான் குறி. “சில்ட்ரன்ஸ்’ ப்ளே ஏரியா” எந்தக் கணக்கிலும் சரியாகாது, “சில்ட்ரன்’ஸ்” என்று மாற்று.

இடங்களின் பட்டியலில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் நம் மலையில் பாதிப் பெயர்கள் ஆட்களுடைய பெயர்கள். ஆளின் பெயரில் எஸ் உண்டா என்று தெரியாமல் குறி போட முடியாது. 1874-இல் பூங்காவை அமைக்க முன்நின்ற ஜே.டி. சிம்மின் பெயரில் எஸ் இல்லை, அதனால் “சிம்’ஸ் பார்க்”. நீ எழுதியபடி எஸ்ஸுக்குப் பின்னால் குறி போட்டால் சிம்கள் பலருடைய பூங்கா ஆகிவிடும். லேம்ப்ஸ் ராக்கில் நீ குறியையே விட்டுவிட்டாய். படிப்பவருக்கு அது ஆட்டுக்குட்டிகள் பாறை. கேப்டன் லேம்ப் என்பவரின் பெயர் அது, “லேம்ப்’ஸ் ராக்” என்று எழுது. ஊட்டி சேரிங் கிராஸில் உள்ள நீரூற்று, சென்னை ஆளுநராக இருந்து 1881-இல் ஊட்டியிலேயே காலமான டபிள்யூ.பி. ஆடமின் நினைவாக எழுந்தது. “ஆடம்ஸ்” என்று ஒருவர் இல்லை, “ஆடம்’ஸ் ஃபவுண்டன்”. டால்பின்’ஸ் நோஸ் சரியாகவே போட்டிருக்கிறாய். ஜேம்ஸ் போல எஸ்ஸில் முடியும் பெயருக்கு ஜேம்ஸ்’, ஜேம்ஸ்’ஸ் இரண்டும் நடப்பில் உண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு அட்டை முழுவதும் அதையே பின்பற்று.

நேரமும் இதே விதிக்குள் வரும். அறையை ரத்து செய்ய 24 மணி நேர முன்னறிவிப்பு என்ற வரியில் “24 அவர்ஸ்’ நோட்டீஸ்”. ஒரு நாள் வாடகை என்றால் “ஒன் டே’ஸ் ரென்ட்”. “டுடே’ஸ் ஸ்பெஷல்” போர்டுக்கும் குறி கட்டாயம்.

இனி, “உடைய” சோதனை காலை வாரும் இடம். அதனுடைய என்று பொருள் தரும் இட்ஸுக்குக் குறி கிடையாது. யுவர்ஸ், ஹர்ஸ், தேர்ஸ் எதற்கும் கிடையாது. ஹிஸ்ஸுக்கு யாராவது குறி போடுகிறார்களா? அதே வரிசைதான் இதுவும். குறி போட்ட இட்’ஸ் என்பது “இட் இஸ்” அல்லது “இட் ஹேஸ்” என்பதன் சுருக்கம். “எவ்ரி காட்டேஜ் ஹேஸ் இட்’ஸ் ஓன் கிச்சன்” என்று நீ எழுதியதை விரித்துப் படி: “ஹேஸ் இட் இஸ் ஓன் கிச்சன்”. பொருளே இல்லை, குறியை எடு. ஹூ’ஸ் (ஹூ இஸ்) என்பதையும் ஹூஸ் (யாருடைய) என்பதையும் இப்படியே விரித்துப் பார்த்துப் பிரித்துக்கொள்.

சுருக்கச் சொற்களில் எழுத்து உதிர்ந்த இடத்தில்தான் குறி நிற்கும், இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் இல்லை. டூ நாட் என்பதில் உதிர்ந்தது “நாட்” என்ற சொல்லின் நடுவில் உள்ள ஓ. ஆகவே “டோன்’ட் ப்ளக் டீ லீவ்ஸ்”. நீ போட்ட “டோ’ன்ட்” தவறு. உடைமைக் குறியும் அடிப்படையில் இதே வகைதான். பழைய ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட ஈ-எஸ் என்று இரண்டு எழுத்து ஒட்டும். அந்த ஈ மறைந்த இடத்தில் குறி உட்கார்ந்தது. பன்மையில் அப்படி எதையும் குறிக்க வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டால் எங்கும் தடுமாற மாட்டாய்.

கடைசியாக, குறியின் உருவம். 9 போல வளைந்ததுதான் அப்பாஸ்டிரபி. சொல்லின் முதலில் தட்டினால் கணினி அதை மேற்கோளின் தொடக்கம் என்று நினைத்து 6 போலத் திருப்பிவிடும். ’90ஸ் கிட் என்று எழுதும் இடத்தில் இதைப் பார்க்கலாம். இரண்டு தடவை தட்டி முதலாவதை அழித்தால் சரியானது நிற்கும். விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண்பலகையில் 0146 அடித்தாலும் வரும். எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் சாய்ந்த கோட்டை மட்டும் பயன்படுத்தாதே, பெரிய போர்டில் அசிங்கமாகத் தெரியும். இணையதளப் பெயரில் குறியே ஏறாது, அங்கே விட்டுவிடு.

திருத்திய பிடிஎஃப்பை வியாழனுக்குள் அனுப்பு கண்ணு. ஃப்ளெக்ஸ் கடையில் கொடுக்கும் முன் இன்னொரு தடவை நானே பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா