தரவுத்தள இணைப்பு முடங்கியது பற்றியும், அதற்கு நீங்கள் சொன்ன ஆபத்தான வழி பற்றியும் புகார்

அனுப்புநர்: நிர்வாகி, நகைக்கடை, கடைத்தெரு, ஜார்ஜ்டவுன், பினாங்கு
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலையிலிருந்து எங்கள் கடையின் பில் கணினிகள் எதுவும் உங்கள் கிளவுடில் இருக்கும் எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை, அதாவது வாடிக்கையாளர் கணக்குகள் இருக்கும் இடத்தை, எட்டவில்லை. திங்கட்கிழமை மதியம் நாங்கள் எதையும் தொடாமலே இணைப்பு திரும்பியது. காரணம் என்ன என்று இன்றுவரை நீங்கள் சொல்லவில்லை. "வாடிக்கையாளரின் இணையக் கோளாறு" என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டீர்கள். அது உண்மை இல்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

அந்த வாரம் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. முன்பதிவு செய்து மாதாமாதம் பணம் கட்டி வந்த ஓர் அம்மா, கடைசித் தவணையோடு வளையலை எடுத்துப்போக வந்திருந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் 'கனெக்‌ஷன் டைம் அவுட்'. மறுபடியும் அதே. கடைசியில் பட்டர்வொர்த் கிளைக்குப் போன் போட்டு, அங்கே திரையைப் பார்த்து அவர்கள் வாசிக்க வாசிக்க, நாங்கள் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு நகையைக் கொடுத்தோம். அன்று முழுக்க அப்படித்தான் வியாபாரம் நடந்தது. காத்திருக்க முடியாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு.

பட்டர்வொர்த்தில் வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். அதே தரவுத்தளம், அதே பயனர் பெயர், அதே கடவுச்சொல். கடவுச்சொல் தவறாக இருந்தால் தரவுத்தளம் உடனே அதைச் சொல்லிவிடும். 5432 போர்ட்டில், அதாவது தரவுத்தளத்துக்குள் போகும் வாசல் எண்ணில், எந்த நிரலும் காத்திருக்கவில்லை என்றால் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று பெரும்பாலும் அந்த நொடியே வந்துவிடும். எங்களுக்கு இரண்டும் வரவில்லை. அனுப்பியதற்குப் பதிலே இல்லாமல் நேரம் முடிந்துபோனது. நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால், அதாவது எதை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவல், நாங்கள் அனுப்பும் தரவுத் துண்டுகளான பேக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும்போது இப்படித்தான் ஆகும். அது எங்கள் பக்கத்து ஃபயர்வாலோ என்ற சந்தேகத்தையும் விடவில்லை. எங்கள் இணையச் சேவையின் ஆளை வரவழைத்து, அதே போர்ட்டில் வேறொரு சர்வருக்குப் போய்ப் பார்த்தோம், தடையில்லாமல் போனது. இணையத்தில் கடையைக் காட்டும் எண்ணான ஐபி முகவரியும் நிலையானதுதான், அதுவும் மாறவில்லை. இவை எல்லாம் சனிக்கிழமையே உங்களுக்கு எழுதியவை.

இரண்டு இடத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. எந்த முகவரிகளிலிருந்து தரவுத்தளத்துக்கு வரலாம் என்று சொல்லும் அனுமதிப் பட்டியலில் பட்டர்வொர்த் கிளை ஒற்றை முகவரியாகப் பதிவாகியிருக்கிறது. கடை மட்டும் 8 முகவரிகள் கொண்ட /29 தொகுதியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு, அந்தப் பட்டியலை நாங்கள் மாற்றும் உங்கள் கட்டுப்பாட்டு இணையப் பக்கம் புதிதாக மாறியது. அந்த மாற்றத்தில் ஒற்றை முகவரிகள் ஃபயர்வாலுக்குப் போய்ச் சேர்ந்தன, தொகுதிகள் விடுபட்டன என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் எங்கள் /29 வரி பச்சை நிறத்தில் 'செயலில் உள்ளது' என்றே நின்றது. கடையின் முகவரியைத் தனியாகச் சேர்த்துப் பார்த்தேன். ஏற்கெனவே இருக்கிறது என்று மறுத்துவிட்டது. பழைய வரியை நீக்கிவிட்டு மறுபடி போடலாமா என்று கேட்டேன். விசாரணை முடியும்வரை எதையும் நீக்க வேண்டாம் என்று உங்கள் ஆளே சொன்னார். சரி என்று காத்திருந்தோம்.

கடவுச்சொல்லை மாற்றச் சொன்னதையும், கணினியை அணைத்துப் போடச் சொன்னதையும் நான் பெரிதுபடுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு வந்த பதிலைத்தான் என்னால் விட முடியவில்லை. அனுமதிப் பட்டியலில் 0.0.0.0/0 என்று போடுங்கள், உடனே சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள். அப்படிப் போட்டால் ஐபிவி4 என்ற முகவரி முறையில் உள்ள ஏறக்குறைய 430 கோடி முகவரிகளில் எதிலிருந்து வேண்டுமானாலும் எங்கள் தரவுத்தளத்தின் வாசலுக்கு வரலாம். திறந்த 5432 போர்ட் எங்கே இருக்கிறது என்று இணையம் முழுக்கத் துழாவிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததா? அதில் இருப்பது எங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வீட்டு முகவரி, யார் எத்தனை கிராம் வாங்கினார்கள் என்ற கணக்கு. எந்த வீட்டில் எவ்வளவு தங்கம் என்ற பட்டியல் அது. கடவுச்சொல் இருக்கிறதே என்று உங்கள் ஆள் சமாதானம் சொன்னார். இரும்புப் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது என்பதற்காக எந்த நகைக்கடையும் ராத்திரி ஷட்டரைத் திறந்து வைக்காது. வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று அதைச் செய்ய மறுத்தோம்.

மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல், பிறர் சார்பாகத் தரவைக் கையாளும் நிறுவனங்களும் பாதுகாப்புக் கோட்பாட்டை நேரடியாகப் பின்பற்றியாக வேண்டும். ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். அப்படி ஒன்று நடந்திருந்தால் கடையைத் தேடி வந்து கேட்பவர்கள் எங்களை நம்பி ஐசியைக் கொடுத்தவர்கள். அவர்களுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது.

வெள்ளி இரவு என்ன மாற்றினீர்கள், திங்கள் மதியம் எதைச் சரிசெய்தீர்கள் என்று எழுத்தில் வேண்டும். புகாரை முடித்த காரணத்தைத் திருத்துங்கள். ஃபயர்வால் தடுத்த இணைப்புகளின் பதிவை வாடிக்கையாளரே பார்க்க வழி செய்யுங்கள். அது இருந்திருந்தால் இந்த விஷயம் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். இனி பிணையத்தில் மாற்றம் செய்வதற்கு முன் அறிவிப்பு வேண்டும், அதுவும் பண்டிகை வாரத்தில் வேண்டாம். முடங்கிய நாட்களின் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 0.0.0.0/0 என்ற அந்தப் பதிலை உங்கள் உதவிப் பிரிவின் வழிகாட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். நாங்கள் மறுத்துவிட்டோம், வேறொரு கடையில் அவசரத்தில் சரி என்று போட்டுவிடுவார்கள்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் எங்கள் தரவை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு, உங்கள் பதில்களின் நகலோடு தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடுவோம்.

இப்படிக்கு,
நிர்வாகி