வயோலாவுக்கு மீசை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணப் பாடசாலை ஒன்றில் மேடையேறிய சேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட விமர்சனத்தில், கதாநாயகி வயோலா ஆண்வேடமிட்டபோது ஒட்டியிருந்த மீசை தத்ரூபம் என்று பாராட்டியிருந்தீர்கள். அந்த மீசைக்குப் பின்னால் நின்றவள் என் பேத்தி. ஆனாலும் சொல்கிறேன், நாடகத்தைக் கெடுத்தது அந்த மீசைதான்.

நான் இளமையில் கோயில் திருவிழாக்களில் வள்ளியாகவும் சந்திரமதியாகவும் சேலை கட்டி ஆடியவன். தாடி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது ஓரளவு தெரியும். வள்ளி திருமணத்தில் விருத்தனுக்கு வெண்தாடி வேண்டும். இல்லாவிட்டால் வள்ளி தேனும் தினைமாவும் எடுத்துக் கொடுக்கமாட்டாள். வயோலாவின் கதை வேறு. கப்பல் உடைந்து இல்லிரியாவில் கரையொதுங்கிய பெண், செசாரியோ என்ற பெயரில் ஒர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேருகிறாள். மீசை முளைக்காத பையன் என்றுதான் எல்லோரும் அவளை நினைக்கிறார்கள். அவளுடைய உதட்டின் வழவழப்பையும் சிவப்பையும் ஒர்சினோ வியக்கிறான். பால்மணம் மாறாதவன் என்கிறான், சீமாட்டி ஒலிவியாவின் காரியஸ்தன் மல்வோலியோ. கடவுள் அடுத்த தடவை மயிர் அனுப்பும்போது உனக்கொரு தாடி கிடைக்கட்டும் என்று விதூஷகன் பெஸ்டே வாழ்த்துகிறான்.

இந்த வசனங்கள் எதையும் வெட்டாமல் மீசையையும் ஒட்டியிருந்தார்கள்! ஒர்சினோவாக நடித்த பிள்ளை உதட்டை வர்ணிக்கத் தொடங்கவும், விளக்குச் சூட்டில் வலப்பக்கப் பசை விட்டது. பேத்தி ஒரு விரலால் மீசையை அமர்த்திக்கொண்டு காதல் பார்வை பார்த்தாள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1602 பெப்ரவரி 2ஆம் திகதி லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் இந்த நாடகம் நடந்ததைச் சட்ட மாணவர் ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் வயோலாவாக வந்ததும் பையன்தான். பையன் பெண்ணாகி, அந்தப் பெண் திரும்பவும் பையனாக வேண்டும். சேலையில் தோளை ஒடுக்கி நடக்கப் பழகவே எனக்கு ஒரு மாதம் சென்றது. ஒடுக்கிய தோளைப் பாதி மட்டும் நிமிர்த்துவதென்றால் அது பெரிய வித்தை. பேத்திக்கு அந்த நடை வாய்த்திருந்தது. பார்த்தவர்களின் கண் மீசையை விட்டு இறங்கினால்தானே!

கடைசியில் இரட்டையரான வயோலாவையும் செபஸ்தியனையும் பார்த்து எல்லோரும் திகைக்க வேண்டும். இங்கே செபஸ்தியனுக்கு மீசை இல்லை. யார் யாரென்று கடைசி வரிசைக் குழந்தைக்கும் தெரிந்தது.

தாடி கட்டியே தீர வேண்டுமென்றால் அதற்கும் இடம் இருக்கிறது. இருட்டறையில் அடைபட்ட மல்வோலியோவை ஏய்க்கப் பெஸ்டே பாதிரியாராக அங்கியும் தாடியும் அணிகிறான். உன்னைத்தான் அவன் பார்க்கவில்லையே, இவை எதற்கு என்று பிறகு பணிப்பெண் மரியா கேட்கிறாள். அருமையான இடம். நேரமில்லை என்று அந்தக் காட்சியையே எடுத்துவிட்டார்களாம்.

அடுத்த மாதம் மீண்டும் மேடையேற்றப் போவதாகப் பேத்தி சொன்னாள். மீசையோடு, முடிவில் அவளை உள்ளே ஓடவிட்டுக் கட்டிவரச் செய்த சிவப்புச் சேலையையும் விட்டுவிடுங்கள். வயோலாவின் பெண்ணுடை கப்பல் தலைவனிடம் இருக்கிறது. மல்வோலியோ போட்ட வழக்கில் அவன் இன்னும் மறியலில் இருக்கிறான்.

இப்படிக்கு,
பழைய பெண்வேடக்காரன்,
அளவெட்டி.