சலுகை விலை சஃபாரி: முன்பணம் கட்டும் முன்

ஐயா,

'கோடை விடுமுறைச் சலுகையில் கென்யா சஃபாரி' என்ற விளம்பரங்கள் ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் வருகின்றன. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து குடும்பத்தோடு கிளம்ப நினைப்பவர்கள், ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் விலை ஏன் இறங்குகிறது என்று முகவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

நமக்குக் கத்திரி வெயில் அடிக்கும்போது கென்யாவில் பெருமழைக் காலம். மார்ச்சில் தொடங்கி மே வரை பெய்யும். பெரும்பாலான சஃபாரிகள் போகும் வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். நனைந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பே புதைந்துவிடும். வேறொரு வண்டி வந்து கயிறு கட்டி இழுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். புல் இடுப்புயரம் வளர்ந்திருப்பதால் பக்கத்தில் படுத்திருக்கும் சிங்கமும் கண்ணில் படாது. லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மான்கள் அப்போது மாராவில் இல்லாமல், பக்கத்து நாடான தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வலசை வந்த பறவைகளும் ஏப்ரலில் திரும்பத் தொடங்கிவிடும். உள்ளூர்த் தூக்கணாங்குருவி வகைகள் இனப்பெருக்க வண்ணத்தில் கூடு கட்டுவதைப் பார்க்க இது நல்ல காலம்தான். அதற்காகவே போகிறவர்கள் தாராளமாகப் போகலாம்.

மற்றவர்களுக்கு நம் பள்ளி விடுமுறைகளில் மூன்று பொருந்தும். மாரா ஆற்றை வில்டபீஸ்ட் மந்தைகள் கடப்பதைப் பார்க்கக் காலாண்டு விடுமுறை. பறவைக்கு அரையாண்டு விடுமுறையும் பொங்கலும்: ஐரோப்பியப் பனங்காடை, பஞ்சுருட்டான், பூனைப்பருந்து எல்லாம் அப்போது அங்கே இருக்கும். பணக்கணக்கும் உண்டு. மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். டிசம்பர் கடைசியில் புறப்பட்டாலும் மற்ற இடங்களை முதலில் முடித்துக்கொண்டு, ஜனவரி 1-க்குப் பிறகு மாராவுக்குள் நுழைவதுபோல் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். நுழைவுச் சீட்டு 12 மணி நேரத்துக்குத்தான் செல்லும். இந்தக் கட்டணம் தொகுப்பு விலையில் சேர்ந்ததா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று நகுரு ஏரி. பூநாரைகளால் (ஃபிளமிங்கோ) இளஞ்சிவப்பாக நிறைந்த ஏரியின் பழைய படத்தையே இன்னும் அச்சிடுகிறார்கள். 2010-க்குப் பிறகு நீர்மட்டம் உயர்ந்து ஏரியின் உவர்த்தன்மை குறைந்தது. சிறு பூநாரைகள் தின்னும் நுண்பாசியும் குறைந்தது. பறவைகள் பெருமளவில் போகோரியா போன்ற ஏரிகளுக்குப் போய்விட்டன. நகுருவில் காண்டாமிருகம் உண்டு, அதற்காகப் போகலாம். பழவேற்காட்டில் பெரும் பூநாரையைப் பார்த்துவிட்டுச் சிறு பூநாரையைத் தேடிப் போகிறவர்கள் போகோரியாவுக்கு ஒரு நாள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆறேழு பேரை ஏற்றும் பகிர்வு வேனில் பறவை பார்ப்பது நடக்காது. சிங்கத்தைத் தேடி ஓடுகிற வண்டி ஒரு கீச்சான் குருவிக்காக நிற்காது. மூன்று நான்கு பேர் சேர்ந்து தனி ஜீப் எடுப்பதே வழி. ஓட்டுநருக்குப் பறவைகள் தெரியுமா என்றும் கேளுங்கள். தொலைநோக்கி 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது) போதும். 10 மடங்கில் நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், எஞ்சினை அணைத்தால்தான் படம் நிற்கும். கேமராவுக்கு முக்காலி வேண்டாம். கெட்டித் துணிப்பையைக் காலியாகக் கொண்டுபோய், அங்கே அரிசி வாங்கி நிரப்பி ஜன்னலில் வைத்து, அதன்மேல் கேமராவைத் தாங்கலாக வைத்துக்கொள்ளலாம். கறுப்பு, கருநீல உடை செட்சி என்ற கடிக்கும் ஈயை இழுக்கும், தவிர்க்கவும். பிளாஸ்டிக் கேரி பைக்கு 2017 முதல் அந்த நாட்டில் தடை. பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். காலையில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

பலர் கோட்டைவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். வடசென்னைக்காரர்கள் தொலைவு போக வேண்டியதில்லை. ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகத்தில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டோடு, முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், 60 வயது கடந்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளை ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும்.

சஃபாரி விளம்பரங்களில் பயண மாதத்தின் மழை நிலவரத்தையும் நுழைவுக் கட்டணம் சேர்ந்ததா என்பதையும் அச்சிடும்படி தாங்கள் வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவொற்றியூர், சென்னை-19