நான் பெயர் கேட்கத் தவறிய சிஸ்டருக்கு

போன மாதம் ஒரு நள்ளிரவில், நெஞ்சுவலியால் துடித்த அப்பாவை 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வாசலிலேயே பார்த்து, உடனடிச் சிகிச்சை தேவைப்படுபவர்களுக்கான சிவப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாயிற்று.

ஊசி ஏற்றத்தான் நரம்பு கிடைக்கவில்லை. இளம் செவிலியர் ஒருவர் இரண்டு முறை குத்தித் தவறினார். அவர் கை நடுங்கியது. நான் கத்திவிட்டேன்.

பொறுப்புச் செவிலியரான நீங்கள் அப்போதுதான் வந்தீர்கள். ஊசியை அவரிடமிருந்து வாங்கவில்லை. அப்பாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "நீயே போடும்மா. இங்கே ஓடுகிறது, தொட்டுப் பார்" என்றீர்கள். மூன்றாவது முறை இறங்கியது.

பிறகு என்னிடம், "தம்பி, ஆள் இல்லாமல் பகல் வேலையோடு இரவையும் சேர்த்துப் பார்க்கிறாள். நீங்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்" என்றீர்கள். (டீ எங்கே இறங்கியது!)

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அந்த இளம் செவிலியரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களைத் தேடியபோது பணி முடிந்து கிளம்பிவிட்டிருந்தீர்கள்.

நன்றி அக்கா.